எதுவரைக்கும் என்று கேட்டவர்

அவரிடம் யாராவது ஒன்றை உறுதியாகச் சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள மாட்டார், மறுக்கவும் மாட்டார். கையில் கிடைத்த தாளில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். நடுவில் ஒரு புள்ளி வைப்பார். பிறகு, "எதுவரைக்கும்?" என்று கேட்பார்.

தலவாக்கலையில் ஒரு துணிக்கடைக்கு மேலே இருந்த போடிங் விடுதியில் நானும் அவரும் ஆறு வருடம் ஒரே அறையில் இருந்தோம். இரண்டு பேரும் மேலே ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியைகள். எனக்குப் புவியியல், அவருக்குக் கணிதம். போன வருடம் அவர் இறந்துபோனார். நாற்பத்தாறு வயது. அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. தன்னைப் பற்றிப் பிறர் எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். அந்த அளவுக்காவது அவர் விருப்பப்படி நடக்கிறேன்.

நான் இருபத்தொரு வருடமாக நாட்குறிப்பு எழுதுகிறேன். ஒவ்வொரு நாளும் முதல் வரி மழை அளவு. பள்ளிக்கூடத்து மழைமானி என் பொறுப்பில் இருக்கிறது. காலை எட்டரைக்குப் பார்த்து, பதிவேட்டில் எழுதிவிட்டு, பிறகு அறைக்கு வந்து நாட்குறிப்பிலும் எழுதுவேன். ஆகவே அவரைப் பற்றிய விஷயங்களில் என் ஞாபகத்தை மட்டும் நம்ப வேண்டியதில்லை. பக்கங்களைப் புரட்டிப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் வந்த முதல் வாரத்துப் பதிவு ஒன்று: கீழே துணிக்கடைக்காரர், நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒரு நீலச் சேலையை விரித்துக் காட்டி, சாயமே போகாது என்றார். இவர் பில் புத்தகத்தின் மூலையில் வட்டம் போட்டு, எத்தனை கழுவலுக்கு என்று கேட்டார். நானா என்னைப் பார்த்து, "இந்த டீச்சருக்குச் சேலை விக்கணும்னா நான் பக்கத்துல ஒரு வக்கீல வச்சிக்கிட்டுத்தான் விக்கணும்" என்றார். இவர் சிரிக்காமல், "பத்து கழுவல்னு சொல்லுங்க நானா, வாங்கிக்கிறேன்" என்றார். நானா பத்து என்றார். பதினோராவது தடவை துவைத்தபோது இவர் வாளித் தண்ணீரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்ததை நான் பார்த்தேன். சாயம் போகவில்லை. இறங்கிப்போய் அதையும் நானாவிடம் சொல்லிவிட்டு வந்தார்.

காலையில் நாலு மணிக்கு எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்து எழுதுவார். ஆறு மணிக்குப் பஸ். பஸ்ஸிலும் டிக்கட்டின் பின்பக்கத்தில் எழுதுவார். கண்டிப் பக்கத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பட்டப்பின் ஆய்வுக்குப் பதிவு செய்திருந்தார். மாதத்தில் ஒரு சனிக்கிழமை போய்வருவார். என்ன ஆய்வு என்று முதல் மாதத்திலேயே கேட்டேன். எனக்குப் புரிய வைக்க வேண்டும் என்று அவர் எடுத்துக்கொண்ட சிரமத்தை இன்றைக்கு நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

என் தேநீர்த் தட்டைக் கையில் எடுத்தார். இந்த வட்டத் தட்டில் இருக்கிற ஒவ்வொரு புள்ளியையும் தூக்கி வேறொரு இடத்தில் வைக்கிற விதிதான் சார்பு என்றார். சில சார்புகள் ஒரே இடத்தில் இரண்டு புள்ளிகளை வைக்காது. சில சார்புகள் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். "கொழுந்து பறிக்கிற மாதிரி டீச்சர். போன கிழமை பறிச்ச அதே செடிக்கு இந்தக் கிழமையும் போறாங்கல்ல? எத்தனை தடவை வரலாம்னு ஒரு கணக்கு இருக்கும். அதுக்கு மேல வராது. அது பன்முறைச் சார்பு."

பிறகு நட்சத்திர வடிவம் என்றால் என்ன என்று சொன்னார். புள்ளிகள் எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு ஒரு நிலம் மாதிரி கிடைக்கும். அதன் நடுவில் நின்று பார்த்தால் அந்த நிலத்தின் எந்த மூலையும் நேர்கோட்டில் தெரிய வேண்டும். ஒரு மேடோ மடிப்போ மறைக்கக் கூடாது. சிறிய வட்டத்தில் தொடங்கினால் பெரும்பாலும் தெரியும். வட்டத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் எங்கேயோ ஓரிடத்தில் மறைய ஆரம்பிக்கும். அந்த வட்டம் எதுவரைக்கும் பெரிதாகலாம் என்பதுதான் அவருடைய ஆய்வு. அவருடைய கேள்வி எங்கிருந்து வந்தது என்று அன்றைக்கு விளங்கியதாக நினைத்தேன். அதற்கும் முந்திய இடம் ஒன்று இருந்தது.

அதை அவருடைய அம்மாதான் காட்டினார். தலவாக்கலையிலிருந்து ஒரு பஸ், பிறகு நாற்பது நிமிட நடை. ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனார். அம்மா அப்போதும் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார். தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்கு மேலே ஒன்பதாம் நம்பர் மலை. அங்கே ஒரு பெரிய கல்.

"அந்தக் கல்லு மேல கங்காணி நிப்பாரு டீச்சரம்மா. அங்கன நின்னா அம்புட்டு பேரு தலையும் தெரியும். இந்தக் கானு வளைவு மட்டும் தெரியாது" என்றார் அம்மா. கான் என்பது மலையில் தண்ணீர் வடிய வெட்டிய வாய்க்கால். "புள்ளக் காம்பராவுக்கு இறங்கிப்போய் ஏறி வந்தா நேரமாகிரும். அரைப் பேருன்னு எழுதிருவாங்க. இவள படங்குச் சாக்குல சுத்தி செடிக்கடியில போட்டிருப்பேன். அழுதா இங்க வந்து குந்திக்கிட்டுப் பால் குடுப்பேன். கங்காணி கத்துவாரு, எங்கடி போன, எங்கடி போனன்னு." புள்ளக் காம்பரா என்பது தோட்டத்துக் குழந்தைக் காப்பகம்; அரைப் பேர் என்றால் அரைநாள் கூலி.

மகள் அந்தக் கல்லின் மேல் ஏறி நின்று சுற்றிப் பார்த்தார். இறங்கி வந்து என்னிடம் சொன்னார்: "இந்த ஒரு மடிப்பாலதான் இந்த மலை நட்சத்திர வடிவமா இல்ல. இதாலதான் டீச்சர் நான் பொழச்சேன்."

அம்மாவுக்கு அது விளங்கவில்லை. ஆனாலும் தலையாட்டினார்.

லயத்துக்குப் பின்னால் சரிவில் மண் வெடித்திருந்தது. என் கை நுழையும் அகலம். அதிகாரிகள் வந்து பார்த்து, பலத்த மழை பெய்தால் எல்லோரும் வெளியேறி அந்தத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டும் என்று ஓர் அறிவித்தலைச் சுவரில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பலத்த மழை என்றால் எதுவரைக்கும் என்று இவர் சிங்களத்தில் எழுதிக் கேட்ட கடிதத்துக்குப் பதில் வரவில்லை. அதனால் அவர் தானே ஓர் அளவை வைத்துக்கொண்டார். தினமும் எட்டரைக்கு நான் மழைமானியிலிருந்து நிமிரும்போது ஆசிரியர் அறை ஜன்னலில் நிற்பார். "எத்தனை மில்லிமீட்டர், டீச்சர்?" நான் சொல்வேன். அளவு அவர் வைத்த வட்டத்தைத் தாண்டினால் உடனே அம்மாவுக்குப் போன் போகும். மூன்று வருடத்தில் அம்மா அப்படிப் பதினான்கு தடவை மூட்டையைக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் படுத்திருக்கிறார். பதினான்கு தடவையும் மண் இறங்கவில்லை. "ஒனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு பாப்பா" என்று அம்மா போனில் திட்டுவது எனக்கே கேட்கும்.

ஆய்வை முடித்துப் பட்டம் கிடைத்தால் கல்வியியற் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளர் இடத்துக்கு அவர் விண்ணப்பிக்கலாம். அந்த இடத்தோடு ஒரு குவாட்டர்ஸ் உண்டு. சமதரையில், இரண்டு அறை, சொந்தக் குழாய். அம்மாவை லயத்திலிருந்து எடுத்துவிடலாம். அவர் அதைப் பற்றி அதிகம் பேசியதில்லை. ஆனால் குவாட்டர்ஸின் அளவுப்படம் ஒன்றை வரைந்து கணிதப் புத்தகத்துக்குள் வைத்திருந்தார். அம்மாவின் கட்டில் ஜன்னல் பக்கம்.

மூன்றாம் வருட முடிவில் ஆய்வேட்டைக் கொடுத்தார். பள்ளிக் கணினியில் அதைத் தட்டச்சு செய்தவள் நான். ஒரு சூத்திரமும் புரியாமல், ஒரு குறியும் தவறாமல் செய்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு. இரண்டு பரீட்சகர்களும் நல்ல அறிக்கை அனுப்பினார்கள். சிறு திருத்தங்கள் மட்டும். நேர்முகப் பரீட்சைக்கு நாளும் குறித்தாயிற்று.

அதற்குப் பதினைந்து நாளைக்கு முன், ஒரு புதன்கிழமை. நான் மழைமானியின் குவளையைக் கையில் வைத்திருந்தேன். அவர் ஜன்னலில் நிற்கவில்லை. ஈரப் புல்லில் குடையில்லாமல் நடந்து வந்தார்.

"நாப்பத்தொண்ணாம் பக்கம் பிழை, டீச்சர்."

தட்டச்சுப் பிழையாக இருக்கும் என்று நினைத்து நான் பயந்துவிட்டேன். அது இல்லை என்றார்.

"அந்த இடத்துல சார்பால வகுத்திருக்கேன். நடுவுல மட்டும்தான் அது பூச்சியமாகும்னு வச்சிட்டேன். ஒரே தடவை தொடுற சார்புன்னா அது சரி. என்னோடது பல தடவை தொடுறதுல்ல? பூச்சியத்தையும் வேற இடத்துல தொடலாம். அங்க போய் வகுக்க முடியாது." கொஞ்சம் நிறுத்தி, "அந்தக் கங்காணி கல்லுதான் டீச்சர். சின்னதுல இருந்து அது கண்ணுக்குள்ளயே நிக்குது. அந்தக் கல்லுக்கு ஒரே ஒரு பாதைதான்னு மனசுல பதிஞ்சு போச்சு. வேற பக்கமாவும் அங்க வரலாம்னு தோணவே இல்ல" என்றார்.

எல்லோரிடமும் எதுவரைக்கும் என்று கேட்டவர் தன் நாற்பத்தொன்றாம் பக்கத்தில் அதைக் கேட்க மறந்திருந்தார்.

இரண்டு பரீட்சகர்கள் படித்துவிட்டார்கள், ஒருவரும் கேட்கவில்லையே என்றேன்.

"கேக்கலைன்னா இல்லைன்னு ஆயிருமா?"

பட்டம் வந்த பிறகு திருத்தி எழுதலாம் என்றேன். அம்மாவை நினைத்துப் பார்க்கச் சொன்னேன். அவர் என் கையிலிருந்த மழைப் பதிவேட்டின் ஓரத்தில் வட்டம் போட்டு, நடுவில் புள்ளி வைத்து, தள்ளி இன்னொரு புள்ளியும் வைத்தார். "இங்க வரைக்கும் சரி. இதுக்கு அங்கிட்டு எனக்குத் தெரியாது. தெரியாததத் தெரியும்னு எழுதிட்டேன்" என்றார். அரசாங்கப் பதிவேடு என்பதால் அவர் போன பிறகு அந்த வட்டத்தை நான் அழித்துவிட்டேன். தடம் இன்னும் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை இரண்டு பக்கக் கடிதம் எழுதினார். பிழை எங்கே, எதுவரைக்கும் தேற்றம் நிற்கும், எங்கே நிற்காது என்று. கையெழுத்திட்ட பிரதிதான் வேண்டும் என்று பல்கலைக்கழக அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். சனிக்கிழமை அவருக்கு மேலதிக வகுப்பு. பதிவுத் தபாலில் சேர்த்துவிடச் சொல்லி உறையை என்னிடம் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை என் நாட்குறிப்பில் இப்படி இருக்கிறது: "மழை 22. தபால் அலுவலகம் சென்றேன்." சென்றது உண்மை. வரிசையில் நின்றதும் உண்மை. எனக்கு முன்னால் மூன்று பேர் இருந்தபோது வரிசையிலிருந்து விலகி வெளியே வந்தேன். திங்கட்கிழமை உறையைப் பள்ளியில் மழைப் பதிவேடு இருக்கும் மேசை லாச்சியில், அடியில் வைத்துப் பூட்டினேன். நேர்முகம் முடியும்வரைக்கும் இருக்கட்டும், பட்டம் வரட்டும், அம்மா சமதரைக்கு வரட்டும், பிறகு நானே சொல்லிவிடுகிறேன் என்று எண்ணினேன். தினமும் எட்டரைக்கு அந்த லாச்சியைத் திறந்தேன். மழை அளவை எழுதினேன். மூடினேன்.

அவர் என்னிடம் தபால் ரசீதைக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் எல்லை கேட்டவர், என்னிடம் அதை மட்டும் கேட்கவில்லை.

நேர்முகத்தன்று பின்னேர ரயிலில் திரும்பி வந்தார். நான் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். நடந்ததை மேடையிலேயே நின்று சொன்னார். பாராட்டினார்களாம். இரண்டு கேள்விதான் கேட்டார்களாம். முடிக்கப் போனபோது இவர், என் கடிதத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையே என்றிருக்கிறார். எந்தக் கடிதம் என்று ஒருவரையொருவர் பார்த்திருக்கிறார்கள். இவர் எழுந்துபோய்ப் பலகையில் நாற்பத்தொன்றாம் பக்கத்தை எழுதி, பிழையை அவர்களுக்குக் காட்டியிருக்கிறார். திருத்தி மறுபடியும் சமர்ப்பிக்க வேண்டும் என்று முடிவாயிற்று. விரிவுரையாளர் இடத்துக்கு விண்ணப்ப முடிவு தேதி அடுத்த மாதம். அந்த இடம் இனி இல்லை.

பிறகு என்னைப் பார்த்து, "லெட்டர் அவங்களுக்குப் போகல, டீச்சர்" என்றார்.

"தபால்ல சுணங்கியிருக்கும்" என்றேன்.

எதுவரைக்கும் என்று கேட்பார் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. "இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

அடுத்த நாள் எட்டரைக்கு லாச்சியைத் திறந்தேன். உறை இல்லை. லாச்சியின் இரண்டாவது சாவி ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் தொங்கும். நாட்குறிப்பில் "உறை இல்லை" என்று மட்டும் எழுதினேன். நிமிர்ந்து பார்த்தேன். ஜன்னலிலும் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அதே அறையில் இருந்தோம். சண்டை இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் மல்லிக் கஷாயம் வைத்துத் தருவார். அவருடைய உடைந்த கண்ணாடியை நான் ஹட்டனுக்குக் கொண்டுபோய்ச் செய்து வருவேன். ஆனால் என்னிடம் எதையும் எதுவரைக்கும் என்று அவர் கேட்கவில்லை. நான் சொன்னதையெல்லாம் "சரி" என்று ஏற்றுக்கொண்டார். மழை அளவைக் கூடக் கேட்பதில்லை. நான் வகுப்புக்குப் போன பிறகு பதிவேட்டைத் தானே திறந்து பார்த்துக்கொள்வார். என் வாயை நம்பவில்லை. என் எழுத்தை நம்பினார். அது எனக்குக் கிடைத்த தண்டனையா, மிச்சம் வைத்த மரியாதையா என்று இன்றுவரை தெரியவில்லை.

திருத்திய ஆய்வை அவரே கையால் எழுதத் தொடங்கினார். தட்டச்சு செய்து தரவா என்று ஒரு தடவை கேட்டேன். வேலை முடியட்டும் என்றார். முடிவதற்குள் நோய் வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர் ஒருத்தி சிங்களத்தில், பயப்பட வேண்டாம், மருந்து கொடுக்கிறோம், சுகமாகும் என்று சொன்னபோது, படுக்கையில் இருந்தபடி இவர் காற்றிலேயே விரலால் ஒரு வட்டம் போட்டார். டாக்டர் கோப்பைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் போன பிறகு, "பாவம், அந்தப் புள்ளைக்கு விடை தெரியும்" என்றார்.

அங்கேதான் நான் வாயைத் திறந்தேன். மூன்று வருடமாகச் சேர்த்து வைத்திருந்த வாக்கியம் அது. "டீச்சர், அந்த லெட்டர நான்" என்று தொடங்கினேன். ஊசி ஏற்றிய கையை மெல்லத் தூக்கி என்னை நிறுத்தினார்.

"இன்னைக்கு எத்தனை மில்லிமீட்டர்?"

முப்பத்தொன்று என்றேன். அப்படியா என்று கண்ணை மூடிக்கொண்டார். மூன்று வருடத்துக்குப் பிறகு என்னிடம் கேட்ட முதல் கேள்வி. பதினெட்டு நாளில் போய்விட்டார்.

போன மாதம் அவருடைய அம்மா ஒரு கணக்குக் கொப்பியை என்னிடம் கொடுத்தார். பெட்டியின் அடியில் இருந்ததாம். இப்போது நான்தான் தினமும் காலையில் அம்மாவுக்குப் போன் செய்து அளவைச் சொல்கிறேன். மகள் வைத்த வட்டத்தைத் தாண்டினால் கிளம்பச் சொல்கிறேன். என்னைத் திட்டுவதில்லை. பேசாமல் கிளம்பிவிடுகிறார். அதுதான் வருத்தமாக இருக்கிறது.

"இதுல என்னா எழுதியிருக்கா, டீச்சரம்மா?"

எதுவரைக்கும் சரி என்று எழுதியிருக்கிறார் என்றேன்.

"அத இந்தப் புள்ள வாய் பேச ஆரம்பிச்ச நாள்ல இருந்து கேக்குமே" என்றார் அம்மா.

கொப்பியை அறையில் வைத்துத் திறந்தேன். நடுவில் அந்த உறை இருந்தது. முகவரி மேல்பக்கம், முத்திரை ஒட்டாத இடம் காலியாக. திருப்பினேன். எனக்கு ஏதாவது எழுதியிருப்பார் என்று நினைத்தேன், ஒரு சொல்லாவது. பின்பக்கம் முழுக்கப் பென்சில் கணக்கு. ஒரு வட்டம், நடுவில் புள்ளி, தள்ளி இன்னொரு புள்ளி. அங்கே தொடங்கிய கணக்கு உறையை நிறைத்து, கொப்பியின் முதல் பக்கத்துக்குத் தாண்டி, நாற்பத்தேழு பக்கம் ஓடியிருந்தது. என் பொய் அவருக்கு வெறும் எழுதுதாளாகப் பயன்பட்டிருக்கிறது.

புதிய தேற்றத்தின் வட்டம் பழையதை விடச் சிறியது என்பதை மட்டும் என்னால் கண்டுகொள்ள முடிந்தது. கடைசிப் பக்கத்தில் ஆங்கிலச் சூத்திரங்களுக்குக் கீழே தமிழில் ஒரு வரி: "இதைவிடப் பெரிதாகலாமா? தெரியவில்லை."

இருபத்தாறு நாளில் முழுவதையும் தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு பக்கத்தையும் மூன்று தடவை சரிபார்த்தேன். கடைசி வரியை விட்டுவிடலாமா என்று ஒரு காலைப்பொழுது முழுக்க யோசித்தேன். விடவில்லை. அவருடைய ஆய்வு மேற்பார்வையாளருக்கு ஒரு கடிதம் எழுதி, பழைய கடிதம் ஏன் வந்து சேரவில்லை என்பதை என் பெயரோடு எழுதி, எல்லாவற்றையும் ஓர் உறைக்குள் வைத்தேன். இனி அவருக்குப் பட்டம் இல்லை, குவாட்டர்ஸ் இல்லை. அது எனக்குத் தெரியும்.

இன்று காலை மழை 9. தபால் அலுவலகம் சென்றேன். எனக்கு முன்னால் ஐந்து பேர் இருந்தார்கள். பதிவுத் தபால் ரசீதை இந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன்.